அடமான வீடும் நான்கு கையொப்பமும்

தந்தை மறைந்தால் தனயனுக்குச் சொத்து, மகளுக்கோ கண்ணீர்! இதுதான் நெடுங்காலமாக நம் நாட்டார் நடத்திவந்த பாகப் பிரிவினை. ஏட்டிலே சட்டம் மாறிற்று. வீட்டிலே மாறிற்றா என்று கேட்பீராயின், நம் வீட்டுக் கதையையே சொல்லுகிறோம், கேளுங்கள்.

நம் தந்தையார் தம் உழைப்பால் வாங்கி விட்டுச்சென்றது மயிலாடுதுறையில் ஓர் ஓட்டு வீடு. திண்ணை உண்டு, முற்றம் உண்டு, கொல்லையிலே கிணறு உண்டு; இவற்றோடு கடனும் உண்டு! 2012-இல் மூலப் பத்திரத்தை ஒரு வங்கியில் வைத்து ஐந்து இலட்சம் பெற்றார். 2017-இல் அவர் கண்மூடினார். வட்டி கண்மூட மறுத்தது! 2019-இல் கடன் எட்டு இலட்சமாகி நின்றது. பெற்ற பணத்தில் பாதி தமையனார் வெளிநாடு செல்லச் செலவாயிற்று. மறுபாதி நாம் தொடங்கிய அச்சகத்திற்கு வந்தது. தங்கையின் திருமணமோ 2004-லேயே முடிந்துபோன செய்தி. ஆயினும் ஊராரைக் கேட்டுப் பாருங்கள். "பாவம், பெண்ணைக் கட்டிக் கொடுத்தே கடனாளி ஆனார்" என்பர்! பெண் இருக்கும் வீட்டில் எந்தக் கடனுக்கும் அவள்தானே காரணம்!

வாரிசுகள் நால்வர்: அன்னையார், தமையனார், நாம், தங்கை. அன்னையாருக்கு விற்க மனமில்லை. "என் மூச்சு இந்தக் கூடத்திலேயே போகட்டும்" என்றார். தமையனாருக்கோ உடனே விற்க வேண்டும். ஆனால், அடமானத்தில் உள்ள வீட்டை எவரும் அடிமாட்டு விலைக்கே கேட்பர் என்பதால், முதலில் ஆளுக்கு இரண்டு இலட்சம் போட்டுக் கடனை அடைக்கலாம் என்றார். நல்ல யோசனைதான். அடுத்து அவர் சொன்னதுதான் விந்தை! "பத்திரம் கைக்கு வந்ததும் தங்கை விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடட்டும். அம்மாவுக்கு எதற்குப் பாகம்? நாம் வைத்துக் காப்பாற்ற மாட்டோமா?"

கடனை அடைக்க நான்கு பேர். மிச்சத்தைப் பிரிக்க இரண்டு பேர்! எந்தப் பள்ளியில் கற்ற கணக்கோ இது!

தங்கை ஆசிரியை. அவள் குரல் உயரவில்லை. "விற்க நான் மறுக்கவில்லை, அண்ணா. விட்டுக்கொடு என்பதைத்தான் மறுக்கிறேன்" என்று சொல்லி, ஒரு சிறு பையைத் திறந்து பதினொரு ரசீதுகளைத் திண்ணையில் வைத்தாள். தந்தையார் மறைந்தபின் வங்கிக்குச் சென்ற பணம் அவ்வளவுதான். அவ்வளவும் அவள் சம்பளத்திலிருந்து சென்றது. தமையனார் ரசீதுகளைப் பார்க்கவில்லை. "உனக்குப் போட்ட நகையிலேயே உன் பாகம் போயிற்று" என்றார். பாகம் கேட்கும் பெண்ணுக்கு அண்ணன்மார் பலர் தரும் ஆயத்த விடை இது. போட்ட நகை பாகம் என்றால், பெற்ற படிப்பும் பயணச் செலவும் எந்தக் கணக்கில் சேரும்? நாம் இதைக் கேட்டோம், விடை வரவில்லை.

1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம், தந்தை தாமே ஈட்டிய சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் சம பாகம் என்றது. ஆனால் அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு என்ன செய்தது? குடும்பத்தார் குடியிருக்கும் வீடாயின், ஆண் வாரிசுகள் தம்முள் பிரிக்க முன்வந்தாலன்றி மகள் பாகம் பிரித்துக் கேட்கலாகாது என்று வாயிலில் தாழிட்டது! ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிய வித்தை! அரை நூற்றாண்டு நின்ற அந்தத் தாழ் 2005-இல்தான் நீக்கப்பட்டது.

நாம் இவற்றைச் சொன்னபோது, "சட்டம் பேசவா கூடப்பிறந்தாய்?" என்றார் தமையனார். இதற்கிடையே ஆடி பிறந்தது. ஆடியிலே பத்திரம் பேசலாகாது என்றார் ஒரு பெரியவர். ஆடிக்கு வட்டியைத் தள்ளுபடி செய்ய வங்கி ஒப்புமா என்று விசாரித்துச் சொல்லுமாறு அவரையே கேட்டுக்கொண்டோம்.

ஆவணியில் வங்கியின் அறிவிப்பு வந்தது. 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறுபது நாள் தவணை. தவறினால் நீதிமன்றம் போகாமலே வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். அன்னையார் அந்தத் தாளை நம்மிடம் இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "ஏலம் போடுகிறவன் தெருவில் நின்று கூவுவதை நான் கேட்கவேண்டாம். விற்றுவிடுங்கள்" என்றார்.

வாங்க வந்தவர் முப்பத்திரண்டு இலட்சம் சொன்னார். வில்லங்கச் சான்றும் வாரிசுச் சான்றும் பார்த்த அவருடைய வழக்கறிஞர், "நான்கு பெயர் இருக்கிறது, நான்கு கையொப்பமும் வேண்டும். விட்டுக்கொடுப்பதாயின் அதையும் பதிவு செய்து கொண்டுவாருங்கள்" என்று முடித்துவிட்டார். தங்கையின் பேச்சுக்கும் நம் பேச்சுக்கும் அசையாத தமையனார், அந்நியர் ஒருவரின் இரண்டு வாக்கியத்திற்கு அசைந்தார்!

எட்டு இலட்சத்தை வாங்குபவரே நேராக வங்கியில் கட்டினார். மூலப் பத்திரம் வெளிவந்தது. தங்கை கட்டியதைத் தனியே எடுத்துக்கொள் என்றோம், வேண்டாம் என்றாள். எஞ்சிய இருபத்துநான்கில் ஆளுக்கு ஆறு. அன்னையார் தம் பங்கைத் தம் பெயரிலேயே அஞ்சலகத்தில் போட்டார். எழுபத்தொரு வயதில் அவர் பெயரில் தொடங்கிய முதல் கணக்கு அது. இப்போது அவர் இருப்பது தங்கை வீட்டில். தமையனார் அந்த வீட்டுப் படியை இன்னும் மிதிக்கவில்லை. தாயைப் பார்க்க விரும்பும் நாளில் நமக்குத் தொலைபேசியில் சொல்லி, அவரை நம் வீட்டிற்கு அழைத்துவரச் செய்கிறார்.