நேரம் விற்ற குடும்பம்

விக்டோரியா காலத்து லண்டனில் சரியான நேரத்தைக் காசு கொடுத்து வாங்கினார்கள். அதை வீதி வீதியாகக் கொண்டுபோய்க் கொடுத்தே ஒரு குடும்பம் 104 ஆண்டுகள் பிழைத்தது. 1836இல் ஜான் ஹென்றி பெல்வில் தொடங்கிய தொழிலை அவர் மனைவி மரியாவும், பிறகு மகள் ரூத்தும் நடத்தினார்கள். மூவருக்கும் முதல் ஒன்றுதான்: ஒரு பாக்கெட் கடிகாரம்.

நேரத்துக்கு விலை வந்ததற்குக் கடல் வாணிபம் முக்கியக் காரணம். நடுக்கடலில் கப்பலின் தீர்க்கரேகையைக் கணிக்க, கிரீன்விச்சில் அப்போது மணி என்ன என்பது தெரிய வேண்டும். குரோனோமீட்டர் எனப்படும் கப்பல் கடிகாரம் 4 விநாடி பிசகினால், நிலநடுக்கோட்டருகே கப்பலின் கணக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர் தவறிவிடும். பாறைகள் நிறைந்த கரையை இருட்டில் நெருங்கும் மாலுமிக்கு அது உயிர்ப் பிரச்சினை. எனவே குரோனோமீட்டர் செய்பவர்களுக்குக் கிரீன்விச் நேரம் விநாடி சுத்தமாகத் தேவைப்பட்டது. 1833 முதல் கிரீன்விச் வான் ஆய்வகத்தின் உச்சியில் ஒரு பெரிய பந்து பகல் 1 மணிக்குச் சரியாகக் கீழிறங்கியது. தேம்ஸ் நதியில் நின்ற கப்பல்களுக்கு அது போதும். நகரத்துக்குள் இருந்த பட்டறைகளுக்கு அந்தப் பந்து கண்ணில் படாது. அதனால் கடிகாரக்காரர்கள் ஆய்வகத்துக்கே வந்து கதவைத் தட்டினார்கள். வானியலாளர்களின் வேலை கெட்டது.

அங்கே உதவியாளராக இருந்த ஜான் பெல்வில், நேரத்தை அவர்களிடம் எடுத்துச் செல்லும் பொறுப்பை ஏற்றார். சந்தாதாரர்கள் 200 பேர் அளவுக்குப் பெருகினார்கள். அவர் கொண்டுசென்றது, புகழ்பெற்ற கடிகாரக்காரர் ஜான் ஆர்னால்டின் பட்டறையில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான பாக்கெட் குரோனோமீட்டர். சசெக்ஸ் கோமகனுக்காகச் செய்யப்பட்டது என்றும், அளவு பெரிதாக இருக்கிறதென்று அவர் மறுத்துவிட்டார் என்றும் சொல்வார்கள். தங்கக் கூடோடு லண்டன் தெருக்களில் நடந்தால் திருட்டுப் பயம் என்று, பெல்வில் அதற்கு வெள்ளிக் கூடு போட்டுக்கொண்டார்.

1856இல் அவர் இறந்தபோது ரூத்துக்கு வயது இரண்டு. பிழைப்புக்கு வழி தேடிய மரியா, கணவர் செய்த வேலையைத் தானே தொடர அனுமதி கேட்டுப் பெற்றார். 1892 வரை, 36 ஆண்டுகள், அந்தக் கடிகாரத்தைச் சுமந்து நடந்தார். பிறகு அது மகள் கைக்கு வந்தது.

ரூத்தின் வேலைமுறை எளியது, கண்டிப்பானது. கிரீன்விச் போய்க் கடிகாரத்தைக் கொடுப்பார். ஆய்வகத்தார் அதைத் தலைமைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை விநாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று சான்றிதழ் எழுதித் தருவார்கள். முள்ளை நகர்த்துவதில்லை, வித்தியாசத்தை மட்டும் குறித்துக்கொள்வதால் கருவிக்குத் தொந்தரவு இல்லை. அதன்பின் கடை கடையாக நடை. வாடிக்கையாளர் கடிகாரத்தை வாங்கிப் பார்ப்பார். குறித்த வித்தியாசத்தைக் கூட்டியோ கழித்தோ தம் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு திருப்பிக் கொடுப்பார். கடிகாரத்துக்கு 'ஆர்னால்ட்' என்றே பெயர். ஆர்னால்ட் இன்று எப்படி என்று கடைக்காரர் கேட்டால், ரூத் விநாடிக் கணக்கில் பதில் சொல்வார்.

துல்லிய நேரம் வேண்டியவர்களுக்கு ரூத் இருந்தார். கடிகாரம் வாங்கவே வசதியில்லாத ஆலைத் தொழிலாளர்களுக்கு வேறொருவர் இருந்தார்: விடியுமுன் வந்து எழுப்புபவர். வடக்கு இங்கிலாந்தின் ஆலை நகரங்களிலும் லண்டனின் கிழக்குப் பகுதியிலும் இவர்கள் நீண்ட கழியோடு தெருவில் வருவார்கள். கழியின் நுனியில் கட்டிய கம்பியால் மாடி ஜன்னலைத் தட்டி, உள்ளே ஆள் எழுந்துவிட்டது தெரிந்த பிறகே அடுத்த வீட்டுக்கு நகர்வார்கள். கூலி வாரத்துக்குச் சில பென்னிகள். சுரங்க ஊர்களில் வீட்டு வாசலில் பலகை பதித்து, எழுப்பவேண்டிய நேரத்தைச் சாக்கட்டியால் எழுதிவைக்கும் வழக்கமும் இருந்தது. ஆலைச் சங்குக்குப் பிந்தினால் கூலி பிடிப்பு, சில இடங்களில் வாயில் அடைப்பு. ஆகவே அந்தச் சில பென்னிகள் குடும்பத்தின் சோற்றுக்குக் காவல்.

இதற்கிடையே நேரம் கம்பியிலும் ஓடத் தொடங்கியிருந்தது. 1852 முதல் கிரீன்விச் நேரம் தந்தி வழியே போனது. பெரும்பாலான ரயில்வேக்கள் அதற்கு முன்பே ஊருக்கு ஊர் வேறுபட்ட சூரிய நேரத்தைக் கைவிட்டு லண்டன் நேரத்துக்கு மாறியிருந்தன. 1880இல் சட்டமே அதைப் பொதுநேரமாக்கியது. மின்சாரக் குறிப்பால் கடிகாரங்களைத் திருத்தும் சேவையை ஸ்டாண்டர்டு டைம் கம்பெனி சந்தாவுக்கு விற்றது. 1908இல் அதன் இயக்குநர் செயின்ட் ஜான் வின், ஒரு பெண் கடிகாரத்தைச் சுமந்து நேரம் விற்பது காலத்துக்கு ஒவ்வாதது என்று மேடையில் பேசினார்; அவர் பெண் என்பதாலேயே வாடிக்கை கிடைக்கிறது என்ற பொருளும் அதில் இருந்தது. டைம்ஸ் நாளிதழ் அந்தப் பேச்சை வெளியிட்டது. நிருபர்கள் மெய்டன்ஹெட்டில் இருந்த ரூத்தின் வீட்டைத் தேடி வந்தார்கள். பத்திரிகைகளில் பெயர் அடிபட்டதும், ஒழிந்துபோகும் என்று எதிர்பார்த்த தொழிலுக்கு ஆள் கூடினார்கள்.

வானொலியின் நேரக்குறிப்பு 1924இல் வந்தது. தொலைபேசியில் மணி சொல்லும் குரல் 1936இல் வந்தது. அப்போதும் ரூத் நடந்துகொண்டிருந்தார். போர்க்காலத்து லண்டனில் நடமாட்டம் ஆபத்தானதும், 1940இல், 86 வயதில் நிறுத்தினார். லண்டன் கடிகாரம் செய்வோர் சங்கம் அவருக்கு ஓய்வூதியம் அளித்தது. 1943இல் அவர் மறைந்தபின் ஆர்னால்டும் அந்தச் சங்கத்தைச் சேர்ந்தது.

இவ்வளவு காலம் இந்தத் தொழில் நிலைத்ததற்குப் பழமைப் பற்று காரணமல்ல. தந்திக் கம்பி அறுந்தால் குறிப்பு வராது. வந்தது சரியா என்று கேட்கவும் எதிரே ஆள் கிடையாது. ரூத்தின் கையில் அன்றைய சான்றிதழ் இருந்தது, பிசகு எவ்வளவு என்று அவரே சொன்னார். ஜன்னலைத் தட்டியவரும் ஆள் எழுந்ததை உறுதிசெய்யாமல் நகரவில்லை. நேரம் தவறாமைக்குப் பெயர்பெற்ற அந்த யுகத்தை வானியலாளர்களும் பொறியாளர்களும் மட்டும் கட்டவில்லை. சொன்ன நேரத்துக்குச் சொன்ன வாசலில் வந்து நின்ற இந்த எளிய மனிதர்களுக்கும், அவர்களில் பலராயிருந்த பெண்களுக்கும், அதில் முழுப் பங்கு உண்டு.