இரண்டு ரெக்கார்டு நோட்டு



லேபில் ரீடிங் எடுக்காமலேயே ரெக்கார்டு நோட்டு எழுதாதவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள், பார்ப்போம்! நானும் தூக்கமாட்டேன். ஆனால் அதே வேலையை ஒருமுறை வெளியிலும் செய்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் ஊர் வைத்திக்குப்பம். அப்பா கடலுக்குப் போகிறார். அம்மா மீன் விற்கிறார். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான்தான். பீஸ் கட்டுவதற்காக சனி, ஞாயிறுகளில் டவுனில் ஒரு ஓட்டலில் சப்ளை வேலை பார்க்கிறேன். ஒருநாள் முதலாளி கூப்பிட்டார்.

"தம்பி, உணவுப் பாதுகாப்பு ஆபீசர் வரப்போறாராம். நீ படிச்ச புள்ள. பிரிட்ஜ் ரிஜிஸ்டரை ஒரு மாசத்துக்கு எழுதிக் குடுத்துடு."

'படிச்ச புள்ள' என்றதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. 4, 5, 3, 4 என்று முப்பது நாளுக்கும் டிகிரி போட்டேன். சந்தேகம் வராமலிருக்க நடுவில் பேனாவையும் மாற்றினேன்!

ஆபீசர் வந்தார். ரிஜிஸ்டரைப் புரட்டினார். ஒரே கேள்விதான் கேட்டார்: "தெர்மாமீட்டர் எங்கே?"

கடையில் அது இல்லவே இல்லை. அவரே தன்னுடையதை உள்ளே வைத்துப் பார்த்தார். 11 டிகிரி! கதவு ரப்பர் கிழிந்திருந்தது.

சமைத்ததைக் குளிரில் வைத்தால் 5 டிகிரிக்குள் இருக்கவேண்டும், சூடாக வைத்தால் 60-க்கு மேல் இருக்கவேண்டும். இடைப்பட்ட சூட்டில் கிருமி வேகமாகப் பெருகும். 2011-ல் அமலுக்கு வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, குறையைச் சரிசெய்யக் குறைந்தது 14 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் தரலாம். சரிசெய்யாவிட்டால் லைசென்ஸை நிறுத்தி வைக்கலாம். எங்கள் கடைக்கும் நோட்டீஸ் வந்தது.

2022-ல் கேரளாவின் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்துபோனார். 2023-ல் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி. பேப்பரில் படித்தபோது யாருக்கோ நடந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கள் கடையில் மிஞ்சிய குழம்பை ராத்திரி தூக்கில் வாங்கிவந்து என் தங்கச்சிக்குத்தானே கொடுத்தேன்? அந்த 11 டிகிரி பிரிட்ஜில் இருந்த குழம்பை!

அம்மாவிடம் சொன்னேன். திட்டவில்லை.

"நாங்க செவுளைத் தொறந்து, செவப்பா இருக்கான்னு பாத்துத்தான் மீனை எடுக்குறோம். படிச்ச நீ பாக்காமலே எழுதிட்டியாடா?" என்றார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது கடையில் புது ரப்பர், தெர்மாமீட்டர் இரண்டும் இருக்கின்றன. போன வாரம் 9 காட்டியது. "5-ன்னு போட்டுடு தம்பி" என்றார் முதலாளி. "பாத்ததைத்தாண்ணே எழுதுவேன்" என்று 9 என்றே எழுதினேன். முணுமுணுத்துக்கொண்டே மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

நண்பர்களே, நாளைக்கு பாய்லரிலும் டிரான்ஸ்பார்மரிலும் ரீடிங் எழுதப்போவது நாம்தான். அதை நம்பி நிற்கப்போவது யாரோ ஒருவர் வீட்டுத் தங்கச்சி. லேப் ரெக்கார்டிலிருந்தே பழகிக்கொள்வோமே!