எட்டுச் சாட்சிகள்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஏதாவது நடந்துவிட்டால் போதும், உடனே அதற்கு ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவான். காகிதத்தில் இது சௌகரியமான பழக்கந்தான். காகிதத்துக்கு வெளியே, அதனால் யாருடைய பிழைப்பாவது போய்விடும்.

என்னிடம் ஒரு பழைய ஹைப்ரிட் கார் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் கூட்டுக் குடித்தனம் செய்யும் வண்டி. போன ஐப்பசியில் ஒரு நாள் காலை பொத்தானை அழுத்தினேன், கிளம்பவில்லை. பிரேக், ஸ்டியரிங், எஞ்சின் என்று முன்பலகையில் உள்ள விளக்குகள் அத்தனையும் கார்த்திகை தீபம் மாதிரி எரிந்தன.

முதல் நாள்தான் வாட்ச்மேனின் மகன் வண்டியைக் கழுவியிருந்தான். எங்கள் குடியிருப்பில் ஆறு கார்களைக் கழுவி, அந்தப் பணத்தில் பாலிடெக்னிக் படிக்கிற பையன்.

"பானெட்டைத் திறந்து தண்ணீர் பீய்ச்சினாயா?"

"இல்லை சார், மேலேதான் கழுவினேன்."

நான் நம்பவில்லை. "இனிமேல் நீ வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டேன்.

"விசாரிக்காமல் சொல்றீங்களே" என்றாள் என் மனைவி.

"இதில் விசாரிக்க என்ன இருக்கிறது?" என்றேன்.

வண்டியைக் கட்டி இழுத்துப் போய் ஒரு பெரிய பணிமனையில் விட்டேன். கருவியை மாட்டிப் பார்த்தார்கள். எட்டுப் பிழைக் குறிகள் விழுந்தன. "கண்ட்ரோல் யூனிட் போய்விட்டது. தண்ணீர் இறங்கியிருக்கலாம். ஒன்றரை லட்சம் ஆகும்" என்றார்கள். என் தீர்ப்புக்கு மேல் கோர்ட்டு முத்திரையும் விழுந்துவிட்டது! ஆனால் ஒன்றரை லட்சம் என்பது எனக்கு இரண்டு நாவல்களின் சன்மானம். வண்டியைத் திரும்ப இழுத்து வந்தேன்.

நண்பர் ஒருவர் புதுப்பேட்டையிலிருந்து ஒரு பாயை அழைத்து வந்தார். வயதானவர். எட்டுக் குறிகளையும் நிதானமாகப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"எல்லாத்துலயும் ஒரே பேச்சுதான் சார். 'அவன்கிட்டேயிருந்து பதில் இல்லை'ன்னு பிரேக் பெட்டி சொல்லுது. அதையே இன்னொண்ணும் சொல்லுது. எட்டுப் பேரும் ஒரே ராத்திரியில செத்துட்டாங்களா என்ன?"

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்தக் குறி குற்றவாளியின் பெயர் அல்ல. ஒரு சாட்சியின் புகார். அவ்வளவுதான்.

வண்டிக்குள் இருக்கும் சிறு கம்ப்யூட்டர்கள், முறுக்கிய இரண்டு கம்பிகள் வழியே பேசிக்கொள்கின்றன. அந்தக் கம்பிகளின் இரு கோடியிலும் 120 ஓம் தடை உண்டு. வண்டியை அணைத்துவிட்டு அளந்தால் இரண்டும் சேர்ந்து 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். மீட்டர் 60 காட்டியது.

"பேச்சு வழி நல்லா இருக்கு. பேசறவங்களுக்குச் சாப்பாடு போகுதான்னு பார்ப்போம்" என்றார் பாய்.

200 வோல்ட்டைத் தாண்டிய பெரிய பாட்டரியின் பக்கமே அவர் போகவில்லை. ஆரஞ்சு நிறக் கம்பிகளைக் காட்டி, "அதுல கை வைக்கணும்னா உறை போட்டு, பிளக்கை உருவி, பத்து நிமிஷம் காத்திருக்கணும். இப்போ அது தேவையில்லை. பெரியவரை எழுப்பி விடறதே சின்னவர்தான்" என்றார். சின்னவர் என்பது டிக்கியில் இருக்கும் 12 வோல்ட் பாட்டரி. கம்ப்யூட்டர்களுக்கு அதுதான் உயிர் கொடுக்கிறது. அவை விழித்த பிறகே பெரிய பாட்டரியின் இணைப்பு சேரும்.

சின்னவரை அளந்தார், 12.6. பணிமனையிலும் இதைப் பார்த்துத்தான் பாட்டரிக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்திருந்தார்கள். பாய் அதோடு விடவில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகடிவிலும், மறு முனையை வண்டியின் உடல் தகட்டிலும் வைத்துக்கொண்டு, என்னைப் பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தச் சொன்னார். அங்கே ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் காட்டலாமாம். இரண்டு வோல்ட் காட்டியது.

"பாட்டரி நல்லாத்தான் கொடுக்குது. பாதி வழியில யாரோ திங்கறாங்க சார்."

கம்பளத்தை விலக்கி, எர்த் கம்பியின் போல்ட்டைக் கழற்றினார். அடியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

"திருவான்மியூர் உப்புக் காத்து சார்" என்றார்.

"தண்ணீர் பட்டதாக இருக்குமோ?" என்று நான் விடாமல் கேட்டேன்.

"இது ஒரு நாள்ல பூத்ததில்லை. வருஷக் கணக்கா ஆகியிருக்கு."

உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை முறுக்கி, குறிகளை அழித்தார். வண்டி சத்தமில்லாமல் விழித்துக்கொண்டது. எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் வாட்ச்மேன் அறைக்குப் போனேன். நான் நிறுத்தியதைக் கேள்விப்பட்டு இன்னும் மூன்று வீட்டார் பையனை நிறுத்திவிட்டார்கள் என்பது அங்கேதான் தெரிந்தது. கல்லூரியில் பணம் கட்டக் கெடு முடிய நான்கு நாட்களே இருந்தன.

"தப்பு என்னுடையது, தம்பி. எர்த் கம்பிதான் கெட்டுப் போயிருந்தது" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "எவ்வளவு வோல்ட் சார் காட்டிச்சு?" என்று கேட்டான்.

எனக்குத் தொண்டை அடைத்தது. "இரண்டு" என்றேன்.

அந்த மூன்று வீடுகளுக்கும் நானே போய்ச் சொன்னேன். இரண்டு வீட்டார் அவனைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். மூன்றாம் வீட்டுக்காரர், "சரிதான், ஆனாலும் எதற்கும் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது இல்லையா?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

வண்டியில் விழுந்த எட்டுக் குறிகளையும் பாய் ஒரே பொத்தானில் அழித்துவிட்டார். மூன்றாம் வீட்டில் நான் போட்ட குறி இன்னும் அழியவில்லை.