21 மாத்திரைகள்

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில், தில்லியில் மாணவியர் விடுதியில் இருந்தபோது, தொடர்ந்து நான்கு மாதங்கள் எனக்கு மாதவிடாய் வரவில்லை. சினைப்பை நீர்க்கட்டி என்று கூறிய மகளிர் மருத்துவர் கருத்தடை மாத்திரை எழுதிக்கொடுத்தார்: 21 நாள் உண்டு, 7 நாள் நிறுத்த வேண்டும். குமட்டலும் தலைவலியும் வரக்கூடும் என்றார். “திருமணம் ஆகிவிட்டதா?” என்றார். இல்லை என்றேன். அத்துடன் பேச்சு முடிந்தது. மருந்துக் கடைக்காரர் பெட்டியை நீக்கி, அட்டையை மட்டும் செய்தித்தாளில் சுற்றித் தந்தார்.

மாதவிடாய் சீரானது, முகப்பருவும் மறைந்தது. மூன்றாம் மாதத்தில் வேறொன்று தொடங்கிற்று. அதைத் துயரம் என்று சொல்வதற்கில்லை. எதுவும் என்னை எட்டவில்லை, அவ்வளவே. ஆவணக் காப்பகத்தில் கோப்புகளை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரிகூடக் குறிப்பெடுக்காமல் மாலைவரை அமர்ந்திருப்பேன். நான் நேசித்தவர் அருகில் வந்தாலும் உடலில் விருப்பம் எழவில்லை. அவர் தம்மை நொந்துகொண்டார், நான் என்னை. மாத்திரையை இருவருமே ஐயுறவில்லை.

ஓராண்டு கழித்துத் தோழி ஒருத்தியின் மருந்துப் பெட்டியில் இருந்த குறிப்புத் தாளைத் தற்செயலாகப் படித்தேன். பொடி எழுத்தில் மனச்சோர்வும் பாலுணர்வுக் குறைவும் அதில் இருந்தன.

அத்தாளுக்கே ஒரு வரலாறு உண்டு. 1956இல் போர்ட்டோ ரிக்கோவில் மாத்திரை சோதிக்கப்பட்டபோது, 17 விழுக்காட்டுப் பெண்கள் பக்கவிளைவுகளைக் கூறியதாக மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே அறிக்கை அளித்தார். ஆய்வை வழிநடத்திய கிரிகரி பின்கஸ் அவற்றுள் பலவும் மனத்தின் கற்பனையே என்று கருதினார். 1970இல் மாத்திரையின் பாதுகாப்புக் குறித்து அமெரிக்க மேலவைக் குழு விசாரணை தொடங்கியபோது, அதை உண்டு பாதிக்கப்பட்ட பெண்கள் சாட்சிகளாக அழைக்கப்படவில்லை. ஆலிஸ் உல்ஃப்சனும் அவருடைய தோழியரும் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து குரல் எழுப்பினார்கள். மாத்திரையுடன் எச்சரிக்கைத் தாள் வந்தது அதன் பின்னரே. என் மருந்துக் கடைக்காரர் நீக்கியது அந்தத் தாளைத்தான்.

கூட்டு மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன், பாலின ஹார்மோன்களைப் பிணைக்கும் புரதத்தைக் கல்லீரலில் பெருக்குகிறது. தடையின்றி உலவும் டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. முகப்பரு மறைவதற்கு இது ஒரு காரணம். விருப்பமும் அதனால்தான் குறைகிறதா என்பது இன்னும் தீராத விவாதம். பலருக்கு மாற்றமே தெரிவதில்லை. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2016இல் வெளியான டென்மார்க் ஆய்வில், கூட்டு மாத்திரை உண்டோர் முதன்முறையாக மனச்சோர்வு மருந்து பெறும் வாய்ப்பு ஏறத்தாழ 23 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 15 முதல் 19 வயதினரிடம் 80 விழுக்காடு. இது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை.

மாத்திரைக்கு எதிராக வாதிடுவது என் நோக்கமன்று. குடும்பக் கட்டுப்பாடு என்றாலே பெண்ணுக்கு அறுவை என்றாகிவிட்ட நாட்டில், வேண்டும்போது நிறுத்தக்கூடிய ஒரு முறை கையில் இருப்பது பெரிது. மருத்துவரிடம் சொல்லிவிட்டு நான் நிறுத்தினேன். இரண்டு மாதங்களில் மீண்டேன். அதே பருவத்தில் ஆய்வேட்டின் ஓர் இயலும் ஏற்கப்பட்டது. ஆகவே என் அனுபவம் சான்றாகாது. ஆனால் அதைக் கேட்டுப் பதிந்திருக்கலாம்.

சென்ற வாரம் விடுதியின் இளைய மாணவி அதே அட்டையுடன் வந்தாள். “சாப்பிடலாமா, அக்கா?”

“மருத்துவர் சொன்னபடி சாப்பிடு. மனம் மாறுவதாகத் தோன்றினால் தேதியோடு எழுதிவைத்து அவரிடம் சொல்.”

என்னிடமிருந்த குறிப்புத் தாளைக் கொடுத்தேன். பாலுணர்வு பற்றிய வரியில் விரலை வைத்து, “இதை எப்படிச் சொல்வது?” என்றாள். காமத்துக்கென்று ஒரு பாலையே ஒதுக்கிய குறளின் மொழியில் இருவரும் சொல் தேடினோம். மருத்துவரிடமோ இந்தியில் சொல்லியாக வேண்டும். கடைசியில் மூன்று வாக்கியங்களை இந்தியில் எழுதி, மடித்து, அவள் கைப்பையில் வைத்தோம்.