காவிரிக்கரைக்காரன்

பெங்களூரில் நாங்கள் மூன்று பேர் ஒரே அறையில் இருந்தோம். நான், பாஸ்கர், முருகேசன். ஒரு ராத்திரி ரசம் சாதம் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் ஒரு பொய் சொல்லிவிட்டேன்.

''திருவையாத்துல பாலத்து மேலேர்ந்து டைவ் அடிப்பேன்டா. கீழே காவிரி சுழிச்சிக்கிட்டு ஓடும்!''

நிஜம் என்னவென்றால், எனக்கு நீச்சல் தெரியாது. மேட்டூரை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். மூடிவிட்டால் எங்கள் ஊர்க் காவிரியில் கிரிக்கெட்தான் ஆடலாம். தண்ணீர் வரும் மாதங்களிலோ அம்மா விடமாட்டாள். என் மாமா பையன் ஒருத்தன் ஆற்றோடு போனதிலிருந்து, ஆடிப் பதினெட்டுக்குக்கூட என் கையைப் பிடித்துக்கொண்டுதான் படித்துறையில் முழுக்குப் போட வைப்பாள்.

இதையெல்லாம் ரசம் சாதத்தோடு சொல்ல முடியுமா, ஸார்?

1998 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ''மேக்கேதாட்டு போலாம். காவிரிக்கரைக்காரன் நம்மகூட இருக்கான், என்ன பயம்?'' என்று கிளம்பிவிட்டான் பாஸ்கர். கனகபுரா வழியாக நூறு கிலோமீட்டர் பஸ். முருகேசன் ராமநாதபுரத்துக்காரன், அரை வாளித் தண்ணீரில் குளித்து, மிச்சத்தில் பனியனையும் துவைக்கிற ஜாதி. அவன் ஒரு கட்டம்போட்ட போர்வையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தான். ''பகல்லயே தூங்கப் போறியா?'' என்று வழிநெடுகக் கிண்டல் செய்தோம். ''கீழே விரிச்சு உக்காரலாம்ல'' என்றதோடு சரி.

சங்கமத்தில் அர்க்காவதி வந்து காவிரியோடு சேர்கிறது. அங்கே பரிசலில் ஆற்றைக் கடந்துதான் அந்தப் பக்கம் போகவேண்டும். பரிசல்காரர் எங்களைப் பார்த்து, ''ஈஜு பருத்தா?'' என்றார். நீச்சல் தெரியுமா என்று கேள்வி. பாஸ்கர் என் முதுகில் ஒன்று வைத்து, ''இவன் ஒருத்தன் போதும்ணா!'' என்றான். நான் ஒரு மாதிரி சிரித்து வைத்தேன்.

அப்புறம் நாலு கிலோமீட்டர் சொச்சம் நடை. ஓட்டை பஸ் ஒன்று ஓடுகிறது. நாங்கள் இளைஞர்களாயிற்றே, நடந்தோம். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் காவிரி. வழியில் யானை லத்தியைப் பார்த்ததும் பாஸ்கரின் பாட்டு தானாக நின்றது. அடுத்த ஒரு கிலோமீட்டருக்கு மூன்று பேரும் ஆபீஸில்கூட அப்படி ஒற்றுமையாக இருந்ததில்லை.

மேக்கேதாட்டு என்றால் ஆடு தாண்டு என்று அர்த்தம். புலி துரத்திய ஆடு ஒன்று இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தாவியதாகக் கதை. சங்கமத்தில் அகலமாகச் சோம்பல் முறித்துக்கொண்டு கிடந்த அதே ஆறு, இங்கே இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. கூழாங்கற்கள் சுழன்று சுழன்று பாறையில் ஆட்டுக்கல் குழி மாதிரி குடைந்து வைத்திருக்கின்றன. கல்லையே குடைகிற தண்ணீர்! எனக்கு அடிவயிறு என்னவோ செய்தது.

'இறங்காதீர்கள், ஆபத்து' என்று போர்டு இருந்தது. பாஸ்கர் அதற்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, இறங்கினான்.

''வேணாம்டா'' என்றேன்.

''நீதான் இருக்கியே! விழுந்தா இழுத்துப் போட மாட்டே?''

அப்போது சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. சொல்லவில்லை.

வழவழவென்ற பாறை. கால் வாரிவிட்டது. சர்ரென்று சறுக்கிப் போய், விளிம்பில் இருந்த ஒரு குழியில் முழங்கால் மாட்டிக்கொண்டு நின்றான். அதற்குக் கீழே காவிரி.

''டேய் திருவையாறு! வாடா!''

நான் நின்றேன். கால் நகரவில்லை. மாமா பையனின் அரைக்கால் டிராயர் படித்துறையில் கிடந்தது எதற்கோ ஞாபகம் வந்தது.

முருகேசன்தான் என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போனான். பாறையில் குப்புறப் படுத்துப் போர்வையை முறுக்கி வீசினான். ''என் காலையாவது புடிடா!'' பிடித்தேன். இரண்டு கணுக்காலையும் அப்படிப் பிடித்தேன். நாலு நாளைக்கு என் விரல் தடம் அவன் காலில் இருந்தது. முழங்கை தேய்ந்து ரத்தம் வழிய பாஸ்கர் மேலே வந்து சேர்ந்தான். அவனுடைய ஒற்றைச் செருப்பு மட்டும் ஒகேனக்கல் பக்கம் போய்விட்டது.

ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பாஸ்கர் கேட்டான்: ''ஏன்டா வரலே?''

சொல்லிவிட்டேன். பாலம், டைவ், எல்லாம் பொய் என்று. திட்டியிருந்தால் தேவலை. பாஸ்கர் எழுந்து நடக்க ஆரம்பித்தான். முருகேசன் தன் செருப்பைக் கழற்றி அவன் முன்னால் போட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தான். நாலு கிலோமீட்டர். யானை வந்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை என்றிருந்தது.

சங்கமத்தில் அதே பரிசல்காரர். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு கையை ஆட்டினார். ''வாங்க வாங்க, நீச்சல்காரரே!''

''இல்லண்ணா,'' என்றேன். ''ஈஜு பரல்ல.''

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஓரத்தில் நின்றுகொண்டிருந்த என்னை நடுவில் உட்காரச் சொன்னார். அங்கே ஏற்கெனவே பாஸ்கர் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்க்காமலே, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.