குதிப்பது கடைசி வேலை

உயிர்காப்பாளர் பயிற்சியில் சேர வந்தவர்களில் பாதிப் பேர் துபாய், கத்தார் என்று வேலைக்குப் போகக் காத்திருக்கும் பையன்கள். அங்கே ஓட்டல் நீச்சல்குளத்தில் நிற்க வேண்டுமென்றால் கையில் சான்றிதழ் வேண்டும். மற்றபடி பள்ளிக்கூட பி.டி. வாத்தியார்கள் சிலர், ஒரு அபார்ட்மென்ட் மேனேஜர், நாற்பத்தைந்தைத் தாண்டிய நான். யாரோ ஒரு பையனைக் கொண்டுவந்து விட வந்த அம்மா என்றுதான் என்னை முதலில் நினைத்தார்கள்.

நீச்சல் எனக்குப் புதிதல்ல. ஈரோட்டுப் பக்கம் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டி அப்பா இறக்கிவிட்டுப் பழகியது. வயதுக்கு வந்ததும் கிணறு நின்றுபோனது. சென்னைக்கு வந்து, பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் குளத்துக்குப் போய் மறுபடி பிடித்துக்கொண்டேன். ஆகவே தகுதிச் சோதனை பெரிய பாடாக இல்லை. நிற்காமல் நீந்த வேண்டும், கையை அசைக்காமல் காலாலேயே இரண்டு நிமிடம் மிதக்க வேண்டும், ஆழத்தில் கிடக்கும் நாலரைக் கிலோ கட்டியை முங்கி எடுத்து மார்பில் அணைத்துக்கொண்டு கரை சேர வேண்டும்.

அது முடிந்ததும் மாஸ்டர் எல்லோரையும் மேலே ஏறச் சொல்லிவிட்டார். அன்று மிச்ச நேரமெல்லாம் கரையில்தான். முதலில் கையையோ கம்பையோ நீட்டு. எட்டவில்லையா, கயிறோ மிதவையோ எறி. படகு இருந்தால் படகில் போ. எதுவுமே இல்லையென்றால்தான் நீ இறங்கு. உலகம் முழுக்க உயிர்காப்புப் பாடம் இந்த வரிசையில்தான் தொடங்குகிறது. வளைகுடாவுக்குப் போகிற பையன்களுக்கு முகம் வாடிவிட்டது. மாஸ்டர் கடலோரக் குப்பத்துக்காரர். "நீச்சல் தெரியாதவன் எட்ட நின்னு கத்துவான், பொழச்சுக்குவான். தெரிஞ்சவன்தான்பா குதிச்சு அவனோட சேர்ந்து போறான்" என்றார்.

செய்தித்தாள் படிப்பவர்களுக்கு இது புரியும். குளிக்கப் போன தங்கை மூழ்க, காப்பாற்ற இறங்கிய அக்கா மூழ்க, அவளைத் தூக்கப் போன அத்தையும் மூழ்கிய செய்தி கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு மாவட்டத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல் நீரில் மூழ்கிச் சாகிறார்கள். பாசம் இருப்பவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள், அதுதான் சிக்கல். நம் சினிமாவும் சட்டையைக் கூடக் கழற்றாமல் பாலத்திலிருந்து குதிப்பவனைத்தான் வீரன் என்று காட்டிப் பழக்கியிருக்கிறது.

பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் 2020 ஆகஸ்டில் நடந்தது எனக்கு அப்போது சட்டென்று நினைவுக்கு வந்தது. நான்கு இளைஞர்கள் தண்ணீரில் தத்தளித்தபோது அங்கே இருந்த மூன்று பெண்கள் உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து வீசினார்கள். இரண்டு பேரைக் கரை சேர்க்க முடிந்தது, இரண்டு பேர் போய்விட்டார்கள். அந்தப் பெண்களுக்கு அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அவர்கள் எந்த வகுப்புக்கும் போய் அதைச் செய்யவில்லை. மானம், வெட்கம் என்று ஒரு நொடி யோசித்திருந்தாலும் அந்த இரண்டு பேரும் இல்லை. மாஸ்டரிடம் சொன்னேன். "அஞ்சரை மீட்டர் மேடம்! நம்ம மிதவைக் கயிறு கூட அவ்ளோ நீளம் கிடையாது" என்றார்.

மூழ்குகிறவர் "காப்பாத்துங்க" என்று கையை ஆட்டிக் கத்துவார் என்பதும் சினிமா சொல்லிக் கொடுத்ததுதான். பிராங்க் பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர் நியூயார்க் கடற்கரையில் உண்மையாகவே மூழ்கியவர்களைப் படம்பிடித்து 1970களில் ஆராய்ந்தார். அவர் கண்டது வேறு. வாய் நீர்மட்டத்துக்கு மேலே வருவதும் கீழே போவதுமாக இருக்கும்போது மூச்சு வாங்கவே நேரம் போதாது, கத்துவது எங்கே? கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும், உடம்பு செங்குத்தாக நிற்கும், கால் உதைக்காது. 20 முதல் 60 விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் குழந்தை தண்ணீரில் நின்று விளையாடுவது போலவே தெரியும்.

அதனால்தான் இந்த வேலையில் பெரும்பகுதி உட்கார்ந்து பார்ப்பது. தன் பொறுப்பில் இருக்கும் பரப்பை 10 விநாடிக்குள் ஒரு முறை கண்ணால் துழாவ வேண்டும், ஆபத்து என்றால் 20 விநாடிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. மேற்பரப்பை மட்டும் பார்த்தால் போதாது, தரையையும் பார்க்க வேண்டும். சொல்வது சுலபம். வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூச, அரை மணி நேரம் செல்போனைத் தொடாமல் தலைகளை எண்ணிப் பாருங்கள்.

கடைசியில் தண்ணீருக்குள் இறங்கும் பாடமும் வந்தது. மூழ்குகிறவராக நடித்த பையன் நல்ல கனம். பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு என்மேல் ஏறினான். மூழ்குகிறவர் கைக்குக் கிடைத்ததில் ஏறுவார், அது அம்மாவாக இருந்தாலும் சரி. உடனே மேலே வரத்தான் உடம்பு துடிக்கும். பாடம் நேர்மாறு: ஒரு மூச்சு இழுத்து, தாடையை மார்பில் ஒட்டி, கீழே போ. மூழ்குகிறவருக்கு வேண்டியது காற்று. கீழே போகிறவரைப் பிடித்துக்கொண்டு அவர் வரமாட்டார். அவர் முழங்கைக்கு அடியில் கை கொடுத்து மேலே தள்ளினால் பிடி தளரும். விலகி வந்து, சிவப்பு மிதவையை நடுவில் வைத்துத்தான் மறுபடி நெருங்க வேண்டும். வெறுங்கையோடு யாரிடமும் போகாதே என்பதை மாஸ்டர் திட்டித் திட்டிச் சொன்னார்.

முதலுதவி வகுப்பில் எங்கள் ஊர்ப் பழக்கங்கள் ஒவ்வொன்றாக அடிபட்டன. தூக்கியவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, வாட்ஸ்அப்பில் வரும், உடம்பை உப்பால் மூடும் வைத்தியம் வரை. வயிற்றை அமுக்கினால் உள்ளே இருக்கும் சோறும் தண்ணீரும் தொண்டைக்கு வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மூழ்கியவருக்குக் குறைந்துபோனது ஆக்சிஜன்தான். அதனால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு. பிறகு நெஞ்சின் நடுவே ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி 30 அழுத்தம், 2 மூச்சு, மறுபடி 30. நிமிடத்துக்கு நூறுக்குக் குறையக் கூடாது. டம்மியின் மேல் இரண்டு நிமிடம் அழுத்தினாலே தோள்பட்டை விண்விண்ணென்று வலிக்கும்.

ஒரு விடியற்காலையில் மாஸ்டர் எங்களைக் கடற்கரைக்கும் கூட்டிப் போனார். அலை உடைந்து நுரை தள்ளும் இரண்டு இடங்களுக்கு நடுவே, அலையே இல்லாமல் அமைதியாகக் கிடந்த ஒரு பட்டையைக் காட்டினார். "ஃபேமிலியா வர்றவங்க கரெக்டா இங்கதான் எறங்குவாங்க." கரையில் ஏறிய தண்ணீர் திரும்ப ஆழத்துக்கு ஓடும் வழி அது. அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி வெளியேற வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்த வேண்டும்.

சான்றிதழ் கிடைத்தது. காலாவதித் தேதி உள்ள சான்றிதழ். அதற்குப் பிறகு மறுபடி நீந்திக் காட்ட வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நீள நைலான் கயிறும், ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனும் கொண்டுபோனேன். கேனில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்கினால் வீசுவதற்குக் கனமும் இருக்கும், மிதக்கவும் செய்யும். கிணற்று மேட்டில் மாட்டப் போனால் சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"இதைப் பாத்தா இந்தக் கிணத்துல ஆரோ உளுந்துட்டாங்கன்னு நெனைக்க மாட்டாங்களா கண்ணு?"

மோட்டார் ரூமுக்குள் வைக்கலாம் என்றார். அதற்குப் பூட்டு உண்டு, சாவி அவர் இடுப்பில். அரை மணி நேரம் பேசி, வெளிச்சுவர் ஆணியில் மாட்டச் சம்மதிக்க வைத்தேன். மாசியில் போனபோது கேன் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது, கயிற்றில் கன்றுக்குட்டி கட்டியிருந்தது. அடுத்த தடவை இரண்டு கயிறு வாங்கிப் போனேன்.