முணுமுணுக்கும் சிப்பாய்கள்

போர்முனை ஓய்ந்திருக்கும் ஒரு காலம். பதுங்குகுழிகளுக்குச் செல்லும் பாதையின் இருமருங்கும் கற்களை அடுக்கி அழகுபடுத்துமாறு அதிகாரி கட்டளையிடுகிறான். ரொக்கா என்னும் சிப்பாய் மறுத்துவிடுகிறான். தான் போரிட வந்தவனேயன்றிக் கல் அடுக்க வந்தவனல்லன் என்பது அவனது நிலைப்பாடு. இராணுவ நீதிமன்றம் என்ற அச்சுறுத்தலும் அவனை அசைக்கவில்லை. அதே மனிதன்தான், பகைவர் அணியொன்று பனிவெளியில் முன்னேறி வரும்போது, தானியங்கித் துப்பாக்கியுடன் தனியே படுத்திருந்து அதனைத் தடுத்து நிறுத்துகிறான். கட்டளையை மறுப்பவனும் கடமையைச் செய்பவனும் ஒருவனே. இந்த முரணை விளங்கிக்கொள்ள முயல்வதே 'துந்தெமத்தோன் சொதிலாஸ்' என்னும் பின்லாந்துத் திரைப்படத்தை விளங்கிக்கொள்வதற்கான வழி எனலாம். 'அறியப்படாத போர்வீரன்' என்பது அப்பெயரின் பொருள்.

எட்வின் லைனேயின் நெறியாள்கையில் 1955ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளிவந்த இக்கறுப்பு வெள்ளைப் படம், அதற்கு முந்திய ஆண்டு வெளியான வைனோ லின்னாவின் நாவலைத் தழுவியது. லின்னா படைத்துறைக் கல்லூரியில் பயின்றவரல்லர், பல்கலைக்கழகம் கண்டவருமல்லர். தம்பரே நகரின் நெசவாலையொன்றில் தொழிலாளியாக இருந்தவர்; தாம் சித்திரித்த போரிலே தாமே காலாட்படை வீரராகப் பங்குபற்றியவர். படைத்தலைவரின் வரைபடத்திலிருந்து போரைப் பார்க்காமல், சேற்றில் இயந்திரத் துப்பாக்கியைச் சுமந்து செல்பவனின் தோளிலிருந்து அதைப் பார்க்கும் பார்வை அவருக்கு வாய்த்தமை இதனாலேயே.

அப்போரின் பின்னணியைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் அவசியம். 1939 நவம்பர் 30ஆம் திகதி சோவியத் படைகள் பின்லாந்தினுள் நுழைந்தன. 105 நாட்கள் நீடித்த அக்குளிர்காலப் போரின் முடிவில் கரேலியாவின் பெரும்பகுதியைப் பின்லாந்து இழந்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடுவாசல்களைவிட்டு வெளியேறினர். இழந்ததை மீட்கும் எண்ணத்துடன் 1941 யூனில் ஜேர்மனியின் பக்கத்தில் நின்று பின்லாந்து மீண்டும் போரில் இறங்கியது. 1944 செப்ரெம்பரில் அது தோல்வியிலே முடிந்தது. படம் சித்திரிப்பது இந்த இரண்டாவது போரையே. முதலாவது போரில் தாக்கப்பட்டவனின் நியாயம் தெளிவாக இருந்தது. இரண்டாவதிலோ, பழைய எல்லையைத் தாண்டி அயலான் மண்ணுக்குள் காலடி வைக்கும்போது, அந்த நியாயம் மங்கத் தொடங்குகிறது. தலைவர்களின் உரைகளிலே கேட்கப்படாத இக்கேள்வியைச் சிப்பாய்கள் தமக்குள்ளே கேட்டுக்கொள்கின்றனர்.

இவர்கள் ஓர் இயந்திரத் துப்பாக்கிப் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். நாட்டின் வெவ்வேறு பிரதேசங்களிலிருந்து வந்து, ஒவ்வொருவரும் தத்தம் பிரதேச வழக்கிலேயே பேசுகின்றனர். ரொக்கா கரேலியப் பூசந்தியில் நிலத்தை இழந்த விவசாயி; அவனுக்குப் போர் என்பது தன் வயலுக்குத் திரும்பும் பாதை. லஹ்தினென் முதலாளித்துவத்தின் போர்களில் நம்பிக்கையற்ற இடதுசாரி. காரிலுவோத்தோ தேசபக்திக் கனவுகளுடன் வரும் படித்த இளம் அதிகாரி. கொஸ்கெலா அதிகமாகப் பேசாதவன். அதிகாரியாகியும் சிப்பாய்களுள் ஒருவனாகவே இருப்பவன். லம்மியோவோ, ஒழுங்கு என்பதைச் சீருடையின் மடிப்பிலே காண்பவன். 1918ஆம் ஆண்டு செம்படையினரும் வெண்படையினருமாகப் பிரிந்து ஒருவரையொருவர் கொன்ற ஒரு நாட்டில், இத்தகையோரை ஒரே பதுங்குகுழியிலே சந்திக்க வைத்தமை சாதாரணமான செயலன்று. அவர்களிடையே உள்ள வர்க்க வேறுபாட்டைப் படம் மூடி மறைக்கவில்லை. ஒவ்வொரு முணுமுணுப்பிலும் அது வெளிப்படுகிறது.

ஆம், இவர்கள் ஓயாமல் முணுமுணுக்கின்றனர். உணவைப் பற்றியும் அதிகாரிகளைப் பற்றியும் 'தாயகம்' என்னும் பெரிய சொல்லைப் பற்றியும் ஏளனம் செய்கின்றனர். ஆயினும் ஒருவர்பின் ஒருவராக மடிந்தும் போகின்றனர். போரை நம்பாத லஹ்தினென், தன் இயந்திரத் துப்பாக்கியைக் கைவிடாது காப்பாற்ற முயல்கையில் வீழ்கிறான். கண்ணிவெடியுடன் ஊர்ந்து சென்று தாங்கியைத் தகர்த்த ஹியெத்தானென், பின்னர் கண்களை இழந்து, ஈற்றில் உயிரையும் இழக்கிறான். கொஸ்கெலாவும் மற்றொரு தாங்கியை எதிர்கொண்டே இறக்கிறான். எவனும் இறக்கும்போது வீரவசனம் பேசுவதில்லை. அவர்களைக் களத்தில் நிறுத்தியது கொடியன்று. பக்கத்தில் படுத்திருப்பவனை விட்டுச் செல்ல முடியாமையே. காவலிடத்துக்குத் திரும்ப மறுத்த இருவர் தம் சொந்தப் படையினராலேயே சுட்டுக் கொல்லப்படும் காட்சியும் படத்தில் உண்டு. கட்டளை என்பதன் மறுபக்கம் எதுவென்பதை அது விளக்கமின்றியே உணர்த்திவிடுகிறது.

இத்தகைய படைப்பு எதிர்ப்பைச் சந்தித்ததில் வியப்பில்லை. நாவல் வெளிவந்தவுடன், அது போரை முணுமுணுப்பவனின் கண்கொண்டு பார்க்கிறதெனத் தலைநகரின் முதன்மை நாளிதழில் கண்டனம் எழுந்தது. படமாக்கத்துக்கு இராணுவம் உதவ முன்வரவில்லை. ஆனால் மக்களின் தீர்ப்பு வேறாக இருந்தது. ஏறத்தாழ 42 இலட்சம் பேரே வாழ்ந்த அந்நாட்டின் படமாளிகைகளில் 28 இலட்சம் வரையிலான நுழைவுச்சீட்டுகள் விற்பனையாயின. பின்லாந்தில் வேறெந்த உள்நாட்டுப் படத்துக்கும் அத்தகைய கூட்டம் வந்ததில்லை. இரண்டு போர்களிலுமாக ஏறத்தாழ 90,000 வீரர்களை இழந்த சமூகம் அது. தோற்ற போரிலே இறந்தவனை எவ்வாறு நினைவுகூர்வது? வெற்றி பெற்றவனுக்கு ஊர்வலம் இருக்கிறது; தோற்றவனுக்கு மௌனமே எஞ்சுகிறது. அந்த மௌனத்தினிடையே இப்படம், போரைப் புகழாமலே போர்வீரனை நேசிக்கலாம் என்று காட்டியது. பார்வையாளர் திரையிலே கண்டது சிலையையன்று. தம் தந்தையின் சினத்தையும் தமையனின் கேலியையுமே.

பின்னர் ஒவ்வொரு தலைமுறையும் இக்கதைக்கு மீண்டிருக்கிறது. 1985இல் ரௌனி மொல்பெரி அதனை வண்ணத்தில் எடுத்தார். அதிகம் அறியப்படாத இளம் நடிகர்களையும் அமைதியற்ற கமராவையும் கொண்டு, வீரர்கள் எத்துணை இளையோர் என்பதை அவர் உணர்த்தினார். நாட்டின் சுதந்திரத்துக்கு நூறாண்டு நிறைந்த 2017இல் அக்கு லூஹிமியெஸ் மூன்றாம் முறையாகப் படமாக்கினார். அவரது படம் ரொக்காவின் வயலையும் வீட்டையும் மனைவி மக்களையும் காட்டிற்று. போர் என்பது போர்முனையில் மட்டும் நிகழ்வதன்று என்ற உணர்வு அதிலே மேலோங்கியது.

எனினும் இப்படங்களின் எல்லையையும் சுட்டாமல் விடுவது நேர்மையாகாது. சிப்பாயின் கண்ணுக்கு எட்டுவது அவனது அகழியைச் சுற்றியுள்ள சிறிது தூரமே. பகைவன் பெரும்பாலும் மரங்களுக்கிடையே தோன்றி மறையும் நிழலாகவே இருக்கிறான். கிழக்குக் கரேலியாவைக் கைப்பற்றிய பின்லாந்து நிர்வாகம், அங்கிருந்த ரஷ்யக் குடிமக்களில் பல்லாயிரவரை முகாம்களில் அடைத்து வைத்தது. அம்முகாம்களில் 4,000க்கும் மேற்பட்டோர் பசியாலும் நோயாலும் மாண்டனர். தன்னவரின் துயரை உண்மையுடன் சொல்லும் கலையும், மற்றவரின் துயர் தொடங்கும் இடத்தில் நின்றுவிடக்கூடும் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

மற்றோர் ஆபத்தும் உண்டு. லைனேயின் படம் சுதந்திர தினமான டிசெம்பர் 6ஆம் திகதி தொலைக்காட்சியில் காட்டப்படுவது நீண்டகால வழக்கமாகிவிட்டது. ஒருகாலத்தில் அதிகார பீடத்துக்குக் கசந்த படைப்பு, இன்று தேசியச் சடங்கின் பகுதியாகியுள்ளது. சடங்காகும் எதுவும் கூர்மழுங்கும் இயல்புடையது. கல் அடுக்க மறுத்த ரொக்காவையே, பாதையோரத்தை அழகுபடுத்தும் மற்றொரு கல்லாக மாற்றிவிடுவது எந்த அரசுக்கும் எளிது.

ஆயினும் ஒவ்வொரு முறையும் படம் ஓடத் தொடங்கியதும் அந்த மனிதர்கள் மீண்டும் முணுமுணுக்கின்றனர். தோல்வி உறுதியாகிய பின்னரும், சோர்ந்து தரையிலே கிடந்தபடி, எஞ்சியவர்கள் தம் தோல்வியையே நகைச்சுவையாக்குகின்றனர். அச்சிரிப்பிலே வெற்றிக் களிப்பு இல்லை, மன்னிப்பும் இல்லை. எவரோ கீறிய வரைபடத்துக்காகத் தன் உடலைக் கொடுத்தவன், தன் நாவை மட்டும் கொடுக்க மறுத்தான் என்ற செய்தியே இருக்கிறது. போர் அவனிடமிருந்து பறிக்க முடியாது போனது அந்த ஒன்றைத்தான்.